சகாயசெல்வியின் முப்பத்தொரு பாகை

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். இதற்கு முன் நான் எழுதியவை எல்லாம் பள்ளி ஆண்டறிக்கைகளும் நன்றியுரைகளுமே. தகுதியுள்ள எவரேனும் எழுதியிருக்க வேண்டிய செய்தியை நான் எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டும். திண்டுக்கல் மேட்டுப்பட்டியைச் சேர்ந்த விண்வெளி வீராங்கனை சகாயசெல்வி, எட்டு மாதங்களுக்குப் பின் விண்நிலையத்திலிருந்து ஊர் திரும்பியபோது, அவருக்குக் 'கீழே' என்பது நமக்கெல்லாம் உள்ள 'கீழே'யாக இல்லை. அது தெற்கே நான்கு பாகை விலகியிருந்தது. பாராட்டு விழாக் குழுவின் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் நடந்தவற்றை அருகிலிருந்து கண்டேன். இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதல் நாள் மதிய உணவின்போதே அது தெரிந்துவிட்டது. தந்தை மரியராஜ் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், மனைவியை இழந்தவர். மகளுக்காகத் தம் கையால் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். மகள் தட்டைத் தொட்டதும் குழம்பு முழுவதும் தட்டின் தென்விளிம்பில் போய்த் தேங்கியது. கையை எடுத்ததும் பரவிச் சமமாயிற்று. மேசையின் ஒரு கால் குட்டையாக இருக்கலாம் என்று மரியராஜ் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துப் பார்த்தார். பிறகு தரையின் மீதே ஐயம் கொண்டு, இளமை முதல் நண்பரான கொத்தனார் அப்துல் ஹக்கீமை வரவழைத்தார். ஹக்கீம் தூக்குக்குண்டைத் தம் கையில் பிடித்துத் தொங்கவிட்டார். நூல் நேராக நின்றது. சகாயசெல்வியின் கையில் கொடுத்தார். நூல் தெற்கே சாய்ந்து அசையாமல் நின்றது. ஹக்கீம் அதை வியப்பாகக் கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளில் கோணல்கள் பலவற்றைப் பார்த்தவர். "மச்சான், வீட்டுல ஒரு குறையும் இல்ல. கோணல் பாப்பாகிட்ட இருக்கு," என்றார். "நாலு பாகை வரும். சுவரா இருந்தா இடிச்சுக் கட்டச் சொல்லிருவேன். பிள்ளையா இருக்கே." பின்னர் நூல் நின்ற சாய்வைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, அருகில் தேதியையும் எழுதினார்.

பயிற்சி நிலையத்தார் இதை எதிர்பார்த்தே இருந்தனர். சகாயசெல்வியுடன் புவனேஸ்வரி என்னும் உடற்பயிற்சி மருத்துவரை அனுப்பியிருந்தனர். பாலசமுத்திரத்துப் பெண்; முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் எங்கள் குழுவின் முன் நின்று விளக்கியதை, என்னால் இயன்றவரை, அவர் சொன்னபடியே தருகிறேன். "காதுக்குள்ள, எது மேல எது கீழன்னு சொல்றதுக்குச் சின்னதா ஒரு உறுப்பு இருக்குதுங்க. விண்வெளிக்குப் போனா அது சொல்றதுக்கு அர்த்தமில்லாமப் போயிருதுங்க. மூளையும் கேக்கறத விட்டுருது. கீழ வந்தப்புறம் மறுபடி கேட்டுப் பழகோணும். அதுக்குக் கால் நல்லா நடக்கோணுமுங்க, மூளை சும்மா இருக்கோணுமுங்க. கணக்கு, பேச்சு, கேள்வி பதில் எதுவும் வேண்டாங்க. மூளை களைச்சுதுன்னா இருக்கிற கொஞ்ச நெதானமும் போயிருமுங்க." தொண்ணூறாம் நாள் தேர்வு என்றும் சொன்னார். இரண்டு மணி நேரம் திரையில் வரும் கணக்குகளைப் போட வேண்டும்; அந்தக் களைப்போடு, நுரைமெத்தை மீது பாதங்களைச் சேர்த்து, கண்களை மூடி முப்பது நொடி நிற்க வேண்டும். நின்றால் அடுத்த பயணத்தில் இருக்கை உண்டு. நிற்காதவர் மறுபடி ஒருநாளும் அனுப்பப்படமாட்டார். சகாயசெல்வி தொடங்கிய ஆய்வொன்று மேலே பாதியில் நின்றிருந்தது. அதை முடிக்க மீண்டும் போவதைத் தவிர, பதினோரு ஆண்டுப் பயிற்சியில் அவர் வேறெதையும் கேட்டதில்லை. "போயி முடிச்சிட்டு வந்துர்றேன். அதுக்கப்புறம் நீங்க சொல்ற இடத்துல உக்காந்துக்கிறேன்," என்று தந்தையிடம் கூறியதை நான் கேட்டேன்.

முதல் பத்து நாட்கள் அவர் விடியலில் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்தார். பேசவில்லை, படிக்கவில்லை. சுவரில் கோடு மூன்று பாகைக்கு வந்தது. பதினோராம் நாள் எங்கள் குழுவின் தலைவர், பாத்திரக் கடை ஸ்தனிஸ்லாஸ், தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு மரியராஜ் வீட்டுக்குச் சென்றார். பின்னால் நாங்கள் எழுவர் சென்றோம். தாம்பாளம் வந்த வீட்டில் மறுப்புச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மருத்துவர் சொன்னதை நாங்கள் மறக்கவுமில்லை. உடல்நலம் கருதி அம்மையார் ஓரடியும் நடக்க வேண்டியதில்லை என்று உறுதியளித்தோம். வாகனத்திலிருந்து மேடை வரை நாற்காலியோடு தூக்கிச் செல்வதாகவும், மேடையிலும் அவர் அமர்ந்தே இருக்கலாம் என்றும், பேசினால் மட்டும் போதும் என்றும் தெரிவித்தோம். அவ்வாறே செய்தோம். தேர்பவனியில் புனிதரின் சொரூபத்தைத் தோளில் ஏற்றுவது போல நான்கு இளைஞர் அவரை ஏற்றினர். பெருமைக்குரியவரின் பாதம் மண்ணில் படக் கூடாது என்பது எங்கள் மரியாதை. நடக்க வேண்டிய கால்களுக்கு ஓய்வையும் ஓய வேண்டிய மூளைக்கு வேலையையும் இவ்வாறு ஊர் முழுவதும் சேர்ந்து முறைப்படி அளித்தது.

நாற்பது நாட்களில் இருபத்தாறு விழாக்கள் நடந்தன. ஒரு தெருவுக்குப் போனால் அடுத்த தெருவுக்கும் போக வேண்டும். ஒரு பள்ளிக்குப் போய் மற்றொன்றை விட்டால் அது அவமதிப்பாகும். வணிகர் சங்கம், தோல் வணிகர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், பூ விவசாயிகள், பங்குப் பேரவை, பள்ளிவாசல் இளைஞர் மன்றம் என எவரும் பின்தங்கவில்லை. மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த விழா எதுவுமில்லை. ஒவ்வொன்றிலும் கேள்வி நேரம் இருந்தது. மாணவர்கள் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். பெற்றோர் நுழைவுத்தேர்வுப் படிவங்களை மடியில் வைத்து எந்தக் கல்லூரியை முதலில் குறிப்பது என்று கேட்டார்கள். ஒரு விவசாயி, எண்ணூறு அடி ஆழ்துளைக் கிணற்றுக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னார். சகாயசெல்வி நல்ல வளர்ப்பு. எல்லாவற்றுக்கும் விடை சொன்னார். மாலையில் வீடு திரும்பியதும் ஹக்கீம் தூக்குக்குண்டோடு காத்திருப்பார். ஐந்து, ஏழு, பத்து, பதினான்கு எனக் கோடுகள் சுவரில் விசிறி போல் விரிந்தன.

மேடைகளில் அது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அவர் கழுத்து மாலை மார்பில் தொங்காமல் தென்புறம் விலகி நின்றது. ஒலிவாங்கியைப் பிடித்தால் அதன் கம்பி சாய்ந்தது. போர்த்திய பொன்னாடைகள் தாமாகச் சரிந்து தெற்கே அமர்ந்திருப்பவர் மடியில் விழுந்தன. ஸ்தனிஸ்லாஸ் எப்போதும் தெற்கு நாற்காலியையே கேட்டுப் பெற்றதால், நாளிதழ்ப் படங்களில் பொன்னாடை பெற்றவர் அவரே என்பது போலத் தோன்றியது. பதினோரு பாகையைத் தாண்டிய பின், உடன் அமர்ந்தோர் மேசையைப் பிடித்துக்கொண்டு பேசப் பழகினார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு பேச்சாளர், இது தங்கள் ஊரை நோக்கிய சாய்வு என்று உரிமை கொண்டாடினார். அதற்கு எங்கள் ஊர்ப் பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் மறுப்புரைத்தார். அந்த மறுப்புக்கும் சகாயசெல்வி ஏற்புரை வழங்க வேண்டியிருந்தது.

ஐம்பத்திரண்டாம் நாள் அப்துல் ஹக்கீம் குழுக் கூட்டத்துக்கு வந்தார். கையில் ஒரு பழைய நாட்காட்டி இருந்தது. விழா நடந்த நாட்களும் பாகைகளும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. "அய்யா, நீங்கள்லாம் படிச்சவுக. நான் கரண்டி பிடிக்கிறவன். ஆனா இதப் பாருங்க. பாப்பா நடந்த அன்னைக்குக் குறையுது. பேசுன அன்னைக்குக் கூடுது. இம்புட்டுத்தான் சங்கதி. நீங்க மாலை போடலைன்னா பிள்ளை நிமிந்துரும்," என்றார். ஸ்தனிஸ்லாஸ் அவரை அன்போடு பார்த்தார். "பாய், உங்க அக்கறை எங்களுக்குப் புரியுது. இப்படி ஒரு உழைப்பாளியை ஊரு இத்தனை நாளா கண்டுக்காம விட்டுருச்சே," என்று கூறி அங்கேயே ஒரு பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். நாங்கள் கை தட்டினோம். ஹக்கீம் அதைப் போர்த்தியபடியே, "கொன்னுருவீக போலயே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதை நான் கூட்டக் குறிப்பேட்டில் பதியவில்லை.

ஐம்பத்தாறாம் நாள் சகாயசெல்வியைக் காணவில்லை. புவனேஸ்வரியையும் காணவில்லை. சிகிச்சைக்காக வெளியூர் சென்றிருப்பதாக மரியராஜ் சொன்னார். பொய் சொல்லிப் பழகாதவர் என்பதால் சுவரைப் பார்த்துச் சொன்னார். உண்மையில் இருவரும் சாணார்பட்டிக்கு அப்பால் ஹக்கீம் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வேலையில் சித்தாள்களாகச் சேர்ந்திருந்தனர். மேல்சட்டையாக ஆண்களின் பழைய சட்டை, தலையில் சும்மாடு. சாரத்தின் பலகையில் கலவைச் சட்டியோடு ஏறி இறங்குவதைவிடச் சிறந்த பயிற்சி தங்கள் நிலையத்திலும் இல்லை என்று புவனேஸ்வரி பின்னர் என்னிடம் கூறினார். பக்கத்தில் மணல் சலித்த தீபா என்ற பெண் மட்டும் முதல் நாளே கண்டுகொண்டாள். சட்டியிலிருந்த கலவை தெற்கே வழிவதைப் பார்த்துக் கண்டுகொண்டாள். "மேல இருந்து பாத்தா எங்க ஊரு தெரியுமாக்கா?" என்று கேட்டாள். தெரியாது என்றார் சகாயசெல்வி. "நல்லதாப் போச்சு. இங்க நடக்குறது தெரிஞ்சா அங்க இருக்குறவுக மானம் போயிரும்," என்று சொல்லிவிட்டு, சட்டியை வடக்கே சற்றுத் தூக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அதன் பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் சகாயசெல்வியிடம் எதையும் கேட்காத ஒரே கூட்டம் அந்தக் கட்டட வேலையாட்கள்தாம். பன்னிரண்டு, எட்டு, ஐந்து, இரண்டு. எண்பத்தைந்தாம் நாள் மாலை நூல் அரைப் பாகையில் நின்றது. ஹக்கீம் அதை இரண்டு முறை அளந்தார். பிறகு அரைப் பாகை எந்தக் கட்டடத்திலும் உண்டு என்று சொன்னாராம். அன்று சகாயசெல்வி ஈரச் செங்கல் அடுக்கின் மீது ஏறி, கண்களை மூடி, ஒரு நிமிடம் முழுதாக நின்றார். புவனேஸ்வரி அழுதுவிட்டார்.

எண்பத்தாறாம் நாள் அவ்வழியே சென்ற டவுன் பஸ்ஸிலிருந்து எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டார். அவசரக் கூட்டம் கூடியது. நாடே போற்றும் ஒருவர் எங்கள் ஊரில் கலவை சுமக்கிறார் என்ற செய்தி வெளியே போனால் என்னாகும் என்பதே பொருளாக இருந்தது. அவர் ஏன் சுமந்தார் என்பதை எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை பூவால் அலங்கரித்த திறந்த ஜீப்பில், நாகஸ்வரம், பேண்டு வாத்தியம் இரண்டோடும் சென்றோம். தாம்பாளத்தை இம்முறை மரியராஜையே பிடிக்க வைத்தோம். தம் மகள் சட்டியோடு நிற்பதைக் கண்ட அவருக்கும் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் எங்களுக்கு உதவியாயிற்று. "ஊரு கூப்பிடுது தாயி. ஒரே ஒரு நாள். போகாம இருக்க ஏலுமா?" என்று கேட்டார். சகாயசெல்வி சட்டியை இறக்கி வைத்தார். புவனேஸ்வரி மட்டும் ஜீப்பின் முன்னால் வந்து நின்றார். "ஏனுங்க, இன்னும் மூணே நாளுங்க. மூணு நாள் உங்களால சும்மா இருக்க முடியாதுங்களா?" என்றார். ஸ்தனிஸ்லாஸ் அவருக்கும் ஒரு மாலை போட்டார்.

வழியனுப்பு விழா எண்பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. தேர்வு மறுநாள், பயிற்சி நிலைய அதிகாரிகள் இருவர் முன்பே வந்து விடுதியில் தங்கியிருந்தனர். மேடையில் நாற்பத்தொரு பேர் அமர்ந்திருந்தோம். இருபத்து மூன்று பேர் உரையாற்றினர். அறுபத்து மூன்று கேள்விகளுக்குச் சகாயசெல்வி விடையளித்தார். பிற்பகல் மூன்று மணிக்கு நான் எழுதிய வாழ்த்துமடலை வாசித்தேன். நாற்பது நிமிடங்கள் ஆயின. பள்ளி ஆசிரியன் என்ற ஆர்வத்தில் அதன் முடிவில் நானும் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தேன்: பூமியை ஒருமுறை சுற்றத் தொண்ணூறு நிமிடம் என்றால், எட்டு மாதங்களில் எத்தனை விடியல்களைக் கண்டிருப்பார் என்பதைத் தாளில்லாமல் கூற வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். அவருடைய கண்கள் ஒரு புள்ளியில் நிற்க முடியாமல் தெற்கே நழுவித் திரும்பிக்கொண்டிருந்தன. ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நான் நிக்கணுமா பேசணுமா, சார்? ரெண்டுல எதுன்னு சொல்லிருங்க," என்றார். நான் குனிந்து பணிவோடு, "நீங்க உக்காந்தே பேசலாம்மா," என்றேன். அவர் விடையைச் சொன்னார். மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது. சரியான விடை. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. அன்று மாலை நூல் இருபத்தெட்டில் நின்றது. ஹக்கீம் கோடு போடாமல் பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தேர்வு நகரின் ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. குழுவின் சார்பில் இருவருக்கு அனுமதி கிடைத்தது. நானும் ஸ்தனிஸ்லாஸும் சென்றோம். இரண்டு மணி நேரக் கணக்குகளில் அவர் ஒன்றும் தவறவிடவில்லை. பின் நுரைமெத்தை மேல் ஏறினார். பாதங்களைச் சேர்த்தார். கண்களை மூடினார். ஒன்பது நொடி நின்றார். பத்தாம் நொடியில், எந்தப் பதற்றமும் இன்றி, கிணற்றில் விழும் வாளியைப் போல நேராகத் தெற்கே விழுந்தார். அரங்கின் நீளம் முழுவதையும் காற்றில் கடந்து, தென்சுவரில் இரு பாதங்களையும் ஊன்றி, சுவருக்குச் செங்குத்தாக, நம் கணக்கில் படுக்கைவாக்கில், நின்றார். கண்களைத் திறக்கவில்லை. பாதங்கள் சேர்ந்தே இருந்தன. அங்கே முப்பது நொடியல்ல, இரண்டு நிமிடம் கடந்தும் அவர் இம்மியும் அசையாமல் நின்றார். அதிகாரிகள் இருவரும் தணிந்த குரலில் கலந்து பேசினர். விதியைப் பிரித்துப் பார்த்தனர். தரையில் நிற்க வேண்டும் என்று விதியில் இருந்தது. சுவரைப் பற்றி ஏதும் இல்லை. அவர்களில் மூத்தவர் வருத்தத்தோடு ஒன்பது என்று எழுதினார். புவனேஸ்வரி சுவரடிக்குச் சென்று கைகளை விரித்துக்கொண்டு நின்றார். சகாயசெல்வி கண் திறந்து இறங்க மாலையாகிவிட்டது.

அதன் பின் சாய்வு முப்பத்தொரு பாகைக்கு வந்து நிலைத்தது. நடந்தாலும் குறையவில்லை, பேசினாலும் கூடவில்லை. பேசுவதற்கு அவர் அதன் பிறகு எங்கும் வரவுமில்லை. ஆறு மாதம் கழித்து விண்கலம் அவரின்றிப் புறப்பட்டது. அன்று அவருடைய இருக்கையில் சென்றவருக்கும் வாழ்த்துத் தெரிவித்து எங்கள் குழு தந்தி அனுப்ப விரும்பி, தந்திச் சேவை நின்று பல்லாண்டு ஆனதை அறிந்து மின்னஞ்சல் அனுப்பியது. அப்துல் ஹக்கீம் சாணார்பட்டிச் சாலையில் சகாயசெல்விக்கு ஒரு வீடு கட்டினார். அதன் தரை முப்பத்தொரு பாகை சாய்ந்தது. சுவர்கள், கதவு, அடுப்பு மேடை, கட்டில் எல்லாம் சகாயசெல்வி கையில் பிடித்த தூக்குக்குண்டுக்கு நேரானவை. அந்த வீட்டுக்குள் அவர் நிமிர்ந்து நிற்கிறார். குழம்பு தட்டில் சமமாக நிற்கிறது. சாலையில் நடக்கும்போது சாய்ந்தே நடக்கிறார், விழுவதில்லை. பஸ்ஸில் அவர் ஏறினால் நடத்துநர், "தெக்க கொஞ்சம் எடம் விடுங்கப்பா," என்கிறார், மக்கள் விடுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டு வரிப் பதிவேட்டில் கட்டட வகை என்னும் இடத்தில் 'சாய்வு' என்று எழுதியிருக்கிறார்கள்.

மரியராஜ் ஞாயிறு தோறும் திருப்பலி முடிந்து அங்கே போகிறார். வாசல்படியில் கால் வைத்ததுமே அவருக்குத் தலை சுற்றுகிறது. அவர் வயதுக்கு அந்தத் தரை ஆகாது. வெளியே சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சன்னல் வழியாகப் பேசுகிறார். மகள் உள்ளிருந்து விடை சொல்கிறார். இருவர் முகமும் ஒரே கோட்டில் வருவதில்லை. ஒருவர் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தந்தையே சாய்த்துக்கொள்கிறார்.

இழந்தவை: விண்கலத்தில் இருக்கை ஒன்று. பதினோரு ஆண்டுப் பயிற்சி. பாதியில் நின்ற ஆய்வு ஒன்று. அதை வேறொருவர் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. புவனேஸ்வரியின் பணி; கடமை தவறியதாக அவர்மீது எழுதப்பட்டது. மரியராஜ், அப்துல் ஹக்கீம் இருவரும் எங்களோடு பேசுவது. முப்பது நொடியில் இருபத்தொன்று. தகப்பனும் மகளும் ஒரே தரையில் நிற்பது.